கேட்டுக்குப் பக்கத்துல ஒரு குட்டி வீடு!

‘லாட்ஜ்’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குறுகலான மாடிப்படி, சுவரில் ரூம் வாடகைப் பட்டியல்... அதானே? ஆனா, இங்கிலாந்தில் ‘கேட் லாட்ஜ்’ என்றால் கதையே வேற பாஸ். பெரிய எஸ்டேட்டின் வாசலில், கேட்டை ஒட்டி நிற்கும் குட்டி வீடு அது. கேட்கீப்பர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பார். வண்டிச் சத்தம் கேட்டால் ஓடி வந்து கேட்டைத் திறக்கணும். பகலானாலும் சரி, நடுராத்திரியானாலும் சரி!

1837 முதல் 1901 வரை, விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் இந்தக் குட்டி வீடுகளுக்குச் செம மவுசு. காரணம் சிம்பிள். பங்களா எங்கேயோ உள்ளே மரங்களுக்கு நடுவில் ஒளிஞ்சிருக்கும். ரோட்டில் போறவங்க கண்ணில் படுவது கேட் மட்டும்தான். ‘உள்ளே இருக்கிற துரை எவ்வளவு பெரிய ஆள்’ என்று ஊருக்குச் சொல்லும் வேலை அந்த வீட்டுக்கு. நம்ம ஊர் கல்யாண மண்டப வாசலில் வைக்கிற ஆர்ச் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

வாசலோடு காசு காலி!

இந்த பந்தா எதுவரை போகும்? அயர்லாந்தில் லிஸ்மோர் பக்கம் பாலிசாகர்ட்மோர் என்று ஒரு எஸ்டேட். அதன் முதலாளி ஆர்தர் கீலி அஷர், 1830-களில் கோட்டை மாதிரி கோபுரங்களோடு கேட் லாட்ஜ் கட்டினார். கூடவே அலங்காரமான பாலம் வேற. அதோடு பணம் தீர்ந்துபோச்சு. உள்ளே கட்ட நினைச்ச மாளிகை கட்டப்படவே இல்லை! 1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் தன் குத்தகை விவசாயிகளை நிலத்தை விட்டு வெளியேற்றியதும் இதே மனிதர்தான். மாளிகை இல்லாத அந்த வாசல் மட்டும் இன்னிக்கும் நிக்குது.

நாலு விஷயம் கவனிங்க

விக்டோரியா பாணி கேட் லாட்ஜைப் ‘படிக்க’ நாலு விஷயம் போதும்.

முதலில் கூரை. செங்குத்தாகச் சரியும். பனி கூரையில் தங்காமல் வழுக்கி விழணுமே!

இரண்டாவது, முக்கோண முகப்பின் ஓரத்தில் சாய்வாக அடிச்ச பலகை. இதுக்கு ‘பார்ஜ் போர்டு’ன்னு பேர். கூரைச் சட்டங்களின் வெட்டு முனை தண்ணியை ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும், உளுத்துப் போகும். அதை மூடத்தான் இந்தப் பலகை. அப்புறம்தான் அதில் பூவேலை எல்லாம்.

மூன்றாவது, உயரமான சிம்னி. கூரை உச்சியைத் தாண்டி நின்றால்தான் காற்று புகையை மேலே இழுக்கும். இல்லேன்னா புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

நாலாவது, வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல். மூணு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கமிருந்து வண்டி வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும்.

குந்தாவுக்கு வாங்க

வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு வந்தபோது இந்த அடையாளங்களும் கூடவே மலை ஏறின. ஊட்டி, குன்னூர் பழைய காட்டேஜ்களில் பூவேலைப் பலகை, சிம்னி, துருத்திய ஜன்னல் எல்லாத்தையும் பார்க்கலாம். இங்கே உறைபனி உண்டு, ஆனா கூரை மேல் குவியும் பனிப்பொழிவு கிடையாது. அப்புறம் எதுக்கு அந்தச் சரிவு?

பதில் மழை! தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் பக்கம் குந்தா. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது ஞாபகம் இருக்கா? பனிக்காகப் பிறந்த சரிவு, இங்கே மழைக்கு வேலை செய்யுது.

கூரையில் வேயும் தகரமும் வெளியூர் சரக்குதான். நெளி தகரத்துக்கு 1829-ல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ராபின்சன் பால்மர். தட்டைத் தகடு வளையும். அதையே அலை அலையா மடிச்சா விறைப்பா நிற்கும். ஓட்டைவிட எடை குறைவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-ல்தான். அதுவரை எல்லாம் மலைப்பாதையில் ஏத்தணும் என்றால், எடை எவ்வளவு பெரிய விஷயம்!

உள்ளே இருந்தவங்க கதை

வெளியே இவ்வளவு அழகா இருக்கே, உள்ளே? பெரும்பாலும் ரெண்டு ரூம்தான். சில எஸ்டேட்களில் கேட்டின் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும் என்பதற்காக வீட்டையே ரெண்டாகப் பிரிச்சாங்க. சமையல் இந்தப் பக்கம், படுக்கை அந்தப் பக்கம். சாப்பிட்டு முடிச்சுத் தூங்கப் போகணும்னா, மழையில் நனைஞ்சு வண்டிப்பாதையைத் தாண்டணும். சிம்மெட்ரி துரைக்கு, ஜலதோஷம் கேட்கீப்பருக்கு!

நம்ம தோட்டங்களின் லைன் வீடுகளை இதோடு சேர்த்துப் பாருங்க. தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் சட்டக் கடமை ஆனதே 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான்.

பெரிய கட்டடத்துக்கு எப்படியாவது ஒரு வாழ்வு கிடைக்கும். 1822-ல் ஜான் சல்லிவன் ஊட்டியில் கட்ட ஆரம்பிச்ச கல் பங்களா, இன்னிக்கு அரசு கலைக் கல்லூரியில் இருக்கு. மலை ரயில் 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வாசலோர வீட்டுக்கு யார் இருக்கா? குதிரை வண்டிக்காக அளவெடுத்த கேட்டில் லாரி நுழையாது. பாதையை அகலப்படுத்தணும்னா முதலில் கைவைப்பது அதில்தான்.

அதனால், அடுத்த தடவை மஞ்சூர் பஸ்ஸில் போகும்போது டீச்செடியை மட்டும் பார்க்காதீங்க. கேட்டோரம் பழைய வீடு ஏதாவது தெரிஞ்சா, அனுமதி கேட்டு ஒரு டேப்பும் நோட்டுமா போங்க. ரெண்டு பேர் போதும். நீளம், அகலம், கூரைச் சரிவு, ஜன்னல் அளவு எல்லாம் குறிச்சு வரைபடம் போடுங்க. முக்கியமா, அதில் யார் யார் குடியிருந்தாங்கன்னு அங்கே இருக்கிற பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. கல் பங்களா யாருடையதுன்னு புத்தகத்தில் இருக்கு. கேட்டைத் திறந்துவிட்டவர் பேரை நீங்க எழுதினாத்தான் உண்டு!