இன்ட்ரூடு: தவக்காலத்துக்கு முன் மலாக்காவில் ஏன் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு மலாக்காவின் போர்த்துக்கீசியக் குடியிருப்புக்குள் நுழைகிறீர்கள்.

திடீரென ஒரு வாளித் தண்ணீர் தலையில் கொட்டுகிறது! திரும்பிப் பார்த்தால் ஊற்றியவர் சிரிக்கிறார்.

"என்னங்க இது?" என்று கோபப்படாதீர்கள். அன்று இன்ட்ரூடு!

<b>இன்ட்ரூடு என்றால் என்ன?</b>

போர்த்துக்கீசிய வழிவந்த கிறிஸ்தாங் யூரேசியர்களின் தண்ணீர்த் திருநாள் அது. திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வரும்.

'நுழைவு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். எதற்குள் நுழைவு? தவக்காலத்துக்குள்.

<b>தவக்காலத்துக்கு முன் கொண்டாட்டம் எதற்கு?</b>

ஈஸ்ட்டருக்கு முந்திய 40 நாள் தவக்காலம். ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கணக்கில் சேராது.

முற்காலத்தில் அந்த நாள்களில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய்கூடக் கிடையாது. வீட்டில் இருப்பதை வைத்திருந்தால் கெட்டுப்போகும். "சாப்பிட்டுத் தீர்த்துடுவோம்" என்று விருந்து வைத்தார்கள்.

பிரிட்டனில் திருநீற்றுப் புதனுக்கு முதல்நாள் பேன்கேக் சுடுவது அதனால்தான். பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாளைக் 'கொழுத்த செவ்வாய்' என்றே அழைக்கிறார்கள். 'கார்னிவல்' என்ற சொல்லும் 'இறைச்சியை விலக்குதல்' என்பதிலிருந்து வந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

விருந்தோடு விளையாட்டும் சேர்ந்தது. சிலர் முகமூடி போட்டார்கள், சிலர் வேடம் கட்டினார்கள். போர்த்துக்கீசியர்கள் தண்ணீரைக் கையில் எடுத்தார்கள்.

<b>அது எப்படி மலாக்காவுக்கு வந்தது?</b>

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். இங்கேயே குடும்பமாகிப் போனவர்களின் வழிவந்தவர்கள்தான் கிறிஸ்தாங் மக்கள்.

1641இல் டச்சுக்காரர்கள் நகரைப் பிடித்தனர். கத்தோலிக்க வழிபாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதையும் அந்தச் சமூகம் தாண்டியது.

1930களில் உஜோங் பாசிர் கடற்கரையில் அவர்களுக்கென ஒரு குடியிருப்பு உருவானது. இன்ட்ரூடு இன்று அங்குதான் களைகட்டுகிறது. முன்பு தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் ஆண்கள் பெண்களைப்போலவும் பெண்கள் ஆண்களைப்போலவும் வேடமிட்டு வலம் வருவார்களாம்.

<b>பிரேசிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?</b>

அதே போர்த்துக்கீசியர் அதே விளையாட்டைப் பிரேசிலுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே அதன் பெயர் என்ட்ரூடு. வாசனைத் தண்ணீர் நிரப்பிய சிறிய மெழுகு உருண்டைகளை ஒருவர்மீது ஒருவர் வீசுவார்கள்.

'ரொம்ப முரட்டு விளையாட்டு' என்று சொல்லி 19ஆம் நூற்றாண்டில் அதிகாரிகள் திரும்பத் திரும்பத் தடை போட்டார்கள். மெல்ல மெல்ல அந்த இடத்தை நடன விருந்துகளும் ஊர்வலங்களும் பிடித்தன. 1932இல் ரியோ டி ஜெனிரோவில் சம்பா பள்ளிகளின் முதல் போட்டி நடந்தது. 1984இல் ஊர்வலத்துக்கென்றே சம்பா அரங்கம் திறக்கப்பட்டது.

ஆக, உலகமே பார்க்கும் ரியோ கார்னிவலும் மலாக்காவின் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே குடும்பம். அங்கே தண்ணீர் போய் ஊர்வலம் வந்தது. இங்கே தண்ணீர் அப்படியே இருக்கிறது.

<b>நாம் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?</b>

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி... நாம் வீட்டில் சொல்லும் இந்தச் சொற்கள் எல்லாம் போர்த்துக்கீசியம் தந்தவை. அதே மொழியும் மலாயும் கலந்து பிறந்தது கிறிஸ்தாங் மொழி.

அந்த மொழி கடுமையான அழிவு அபாயத்தில் இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. பாட்டி பேசினால் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். உங்களுக்கும் தெரிந்த கதைதானே?

சிங்கப்பூரில் 2016இல் தொடங்கிய 'கோட்ரா கிறிஸ்தாங்' முயற்சி அந்த மொழியை மீண்டும் கற்றுக்கொடுக்க முனைந்தது. 'விழித்தெழு, கிறிஸ்தாங்' என்பது அதன் பொருள்.

வகுப்புக்குப் போய்க் கற்க வேண்டிய மொழியில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு சொல் இருக்கிறது: இன்ட்ரூடு. ஆண்டுதோறும் நனைந்தால் எப்படி மறக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மலாக்கா பக்கம் போனால், கைப்பேசியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்று உடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பா நனைவீங்க!