சன்ஸ்கார் மலைவழியும் பௌத்த மடங்களும்

வழி அறிந்தோன் ஒருவன் வழி அறியாதானை ஆற்றுப்படுத்துதல் தமிழில் தனியொரு நூல்வகையாக வளர்ந்தமையைக் கற்றோர் அறிவர். அவற்றுள்ளும் மலைபடுகடாம், மலைவழியின் அருமையையும் ஏதத்தையும் விரித்துரைப்பதால் தனிச்சிறப்புடையது. திபெத்திய மொழியிலும் இதனோடு ஒருவாற்றான் ஒப்புநோக்கத்தக்க நூல்வகை ஒன்று உண்டு. அதனை 'லம்யிக்' என்பர். 'லம்' என்பது வழி. 'யிக்' என்பது எழுத்து. புண்ணியத் தலங்களை நாடிச் செல்வோர்க்கு வழியும் இடையூறும் தங்குமிடமும் கூறுவது இதன் பணி. தமிழ் ஆற்றுப்படை வள்ளலிடத்தும் இறைவனிடத்தும் ஆற்றுப்படுத்தும். லம்யிக் தலத்தினிடத்து ஆற்றுப்படுத்தும். வேறுபாடு இதுவே.

இன்று இமயத்தின் பௌத்த மடங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் நூலைக் கொண்டு செல்வதில்லை; வழிகாட்டி ஒருவரைக் கொண்டே செல்கின்றனர். விடுமுறைச் செலவாகக் கருதப்படும் இந்நடைப்பயணம், மொழி ஆராய்ச்சியாளர்க்கும் சமய வரலாறு பயில்வோர்க்கும் பயன்படும் தன்மையது. அதன் இயல்பை லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதும், அவ்வழி இன்று எய்தியுள்ள நிலையை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் வழியும்

சன்ஸ்கார், 2019 அக்டோபர் 31 முதல் ஒன்றியத்தின் ஆட்சிப் பகுதியாக விளங்கும் லடாக்கின் தென்மேற்குப் பகுதியில் உள்ளது. தோடா, சரப் எனும் இரண்டு ஆறுகள் பதும் என்னும் ஊரின் அருகே கூடிச் சன்ஸ்கார் ஆறாகின்றன. அவ்வாறு வடகிழக்காகப் பாய்ந்து நிம்மு என்னும் இடத்தில் சிந்துவோடு கலக்கின்றது. பதும் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் அமைந்தது. சூழ்ந்துள்ள கணவாய்கள் இன்னும் உயர்ந்தவை. தெற்கே லாகூல் நோக்கிச் செல்லும் சிங்கோ லா 5,000 மீட்டரை விஞ்சுவது. 'லா' என்பது திபெத்திய மொழியில் கணவாயைக் குறிக்கும் சொல். வடபால் உள்ள 'செங்கே லா' என்பதற்குச் சிங்கக் கணவாய் என்பது பொருள்.

மரபு வழி, சிந்துப் பள்ளத்தாக்கில் உள்ள லாமாயூரு மடத்தில் தொடங்கும். வன்லா, ஹனுபட்டா, போட்டோக்சர், லிங்ஷெட் ஆகிய ஊர்களைக் கடந்து, செங்கே லா முதலிய கணவாய்களை ஏறி இறங்கிப் பதுமை அடையும். அங்கிருந்து சரப் ஆற்றின் கரையாகத் தெற்கே சென்று, புக்தல் மடத்தைக் கண்டு, கர்க்யாக் வழியாகச் சிங்கோ லாவைக் கடந்து தார்ச்சாவில் முடிவுறும். முழுவதையும் நடப்போர்க்கு ஏறக்குறைய மூன்று கிழமை வேண்டும். லடாக் வெளிநாட்டுப் பயணிகட்குத் திறந்துவிடப்பட்டது 1974இல் ஆகும். அதன் பின்னரே இவ்வழி உலகோர் அறிந்த நடைவழியாயிற்று. ஆயினும் வணிகரும் துறவியரும் அதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே இதனை வழங்கி வந்தனர் என்பதை மறத்தல் கூடாது.

வழிகாட்டியின் பணி

இம்மலைவழியில் வழிகாட்டியின் பணி திசை காட்டுதலோடு அமைவதன்று. முதற்கண் அவர் நோக்குவது பயணிகளின் மூச்சையும் நடையையும் ஆகும். லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தது. சமவெளியினின்று வானூர்தியில் வந்திறங்குவோர் இரண்டு மூன்று நாள் ஓய்ந்திருந்து உடலை அவ்வுயரத்திற்குப் பழக்குதல் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமை நன்று. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்பன உயர நோயின் தொடக்கக் குறிகள். நடை தள்ளாடினும், அமர்ந்திருக்கும்பொழுதே மூச்சு வாங்கினும், உடனே கீழிறங்குதலே உயிர் காக்கும் வழி. பயணியின் ஆர்வத்தை மறுத்துத் திரும்புமாறு பணிக்கும் துணிவு நல்ல வழிகாட்டிக்கு இன்றியமையாதது.

அவர் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்று நீரின் காலம். பனியாற்று ஓடைகள் விடியலில் தணிந்தும் பிற்பகலில் பெருகியும் ஓடுவன. பகல் வெயிலில் பனி உருகுவதே இதற்குக் காரணம். ஆதலின் ஆழமான ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுதல் வழக்கம். பொதியை மட்டக்குதிரைகள் சுமக்கும். அவற்றை ஓட்டும் குதிரைக்காரரே புல் உள்ள இடமும் நீர் உள்ள இடமும் நோக்கித் தங்குமிடத்தை உறுதி செய்வர். கணவாய்கள் பனி நீங்கித் திறந்திருக்கும் சூலை முதல் செப்டம்பர் வரையுள்ள காலமே நடைக்குரியது.

வழியில் ஊர்கள் பசுந்தீவுகள் போலத் தோன்றும். மழை மிகக் குறைந்த அந்நிலத்தில் பனியுருகு நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து வாற்கோதுமையும் பட்டாணியும் விளைக்கின்றனர். வறுத்த வாற்கோதுமை மாவும் உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீருமே அவர்தம் நாளுணவு. புறநானூறு இமயத்தில் நறும்புல் மேய்வதாகக் கூறும் கவரியை ஈண்டு நேரிற் காணலாம்.

மடங்களின் அமைப்பு

சன்ஸ்காரின் மடங்கள் பெரும்பாலும் கெலுக், துருக்பா எனும் இரு பிரிவுகளைச் சார்ந்தவை. பதுமின் எதிர்க்கரையில் மலைச்சரிவில் படிப்படியாக எழுந்து நிற்கும் கர்ஷா மடம் கெலுக் பிரிவினது. அப்பள்ளத்தாக்கின் மடங்களுள் பெரியது. பர்தன் மடம் துருக்பா பிரிவினது. மடங்கள் மலைச்சரிவிலும் பாறை முகட்டிலும் அமைவது பெரும்பான்மை வழக்காகவும், சானி மடம் சமவெளியிலேயே அமைந்துள்ளது. அதன்கண் உள்ள கனிகத் தூபியைக் கனிட்க மன்னனோடு தொடர்புறுத்துவது அவ்வூரார் மரபு.

மடத்தின் நடுவிடம் 'துகாங்' எனப்படும் கூட்ட மண்டபம். துறவியர் கூடி ஓதுவது இங்கேயே. 'கொன்காங்' என்பது காவல் தெய்வங்களின் அறை. அதனுள் புகுமுன் இசைவு பெறுதல் வேண்டும். ஓதும் நூல்கள் தைக்கப்படாத நீண்ட தாள்களாக, இரு மரப்பலகைகட்கு இடையே வைக்கப்பெற்றுத் துணியாற் பொதியப்பட்டிருக்கும். அவ்வடிவம் இந்திய ஓலைச்சுவடியைப் பின்பற்றியது என்பது சுவடி பயின்ற தமிழர்க்குச் சொல்லாமலே விளங்கும். தூபியையும் மணிச்சுவரையும் எப்போதும் தம் வலப்புறத்தே இருக்குமாறு வைத்துக் கடப்பது மரபு. மணிச்சுவர் என்பது ஆறெழுத்து மந்திரம் பொறித்த கற்களை அடுக்கி எழுப்பிய நெடுஞ்சுவர். போவாரும் வருவாரும் வலம் வருதற்காகவே வழி அதன் இருபுறமும் பிரிந்து சென்று மீண்டும் கூடும். வழியின் வடிவத்தையே வழிபாடு வகுத்துள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

புக்தல் மடம் இவை அனைத்தினும் வியப்பிற்குரியது. செங்குத்தான பாறையில் உள்ள பெருங்குகையின் வாயிலில் தேன்கூடு போல அது அமைந்துள்ளது. 'புக்' என்பதன் பொருளே குகை. அங்கேரிய அறிஞர் சோமா தெ கோரோசு (1784–1842) 1825–26இல் இம்மடத்தில் தங்கித் திபெத்திய நூல்களைப் பயின்றார். அதற்கு முன்பு 1823–24இல் பதினாறு திங்கள் சங்லாவில் ஒரு சிற்றறையில் கடுங்குளிரைப் பொறுத்து, லாமா ஒருவரிடம் பாடங்கேட்டார். 1834இல் கல்கத்தாவில் வெளிவந்த அவருடைய திபெத்திய – ஆங்கில அகராதியும் இலக்கணமும் இம்மலைவாழ்க்கையின் விளைவே. நடந்து சென்று, உடனுறைந்து, கேட்டுத் தெளிந்த கல்விக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

தமிழொடு தொடர்பு

இம்மடங்கட்கும் தமிழாராய்ச்சிக்கும் இயைபு யாது என வினவலாம். இயைபு தண்டியினிடத்து உள்ளது. காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவர் எனக் கருதப்படும் தண்டியின் காவியாதரிசம், கன்னடத்திற் கவிராசமார்க்கத்திற்கும், தமிழில் வீரசோழியத்தின் அலங்காரப் படலத்திற்கும் தண்டியலங்காரத்திற்கும் அடிப்படையாயிற்று. அதே நூல் 13ஆம் நூற்றாண்டிற் சோங்தோன் தோர்ஜே கியல்சனால் திபெத்திய மொழியில் பெயர்க்கப்பட்டது. தண்டி என்னும் பெயரையும் அவர்கள் 'கோலுடையான்' எனப் பொருள்படும் சொல்லால் மொழிபெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பு, உரைநூல்களின் பெருந்தொகுதியாகிய தெங்யூரில் இடம்பெற்றது. எனவே தெங்யூரை உடைய மடம் ஒவ்வொன்றும் தண்டியையும் உடையது. திபெத்தியர் செய்யுளணியைக் கற்கப் புகுவது இந்நூலின் வழியே.

பிறிதொன்றும் கருதத்தக்கது. வீரசோழியம் அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகக் கூறும். சன்ஸ்காரின் மணிச்சுவர்களில் பொறிக்கப்பட்ட ஆறெழுத்து மந்திரமும் அவலோகிதருக்கு உரியதே. அவருடைய உறைவிடமாகிய பொதலக மலை தென்னாட்டில் உள்ளதாக 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் குறித்துள்ளார். லாசா நகரின் பொதலா மாளிகை அம்மலையின் பெயரைத் தாங்கியது. பொதலகம் நம் பொதியிலே என்பது சிலர் துணிபு. அது மேலும் ஆராய்தற்குரியதேனும், தண்டியின் வழிப்பட்ட தொடர்பு ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. ஒரே மூலநூலைத் தமிழரும் திபெத்தியரும் எவ்வெவ்வாறு தம் மொழிக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர் என ஒப்பிட்டு ஆராய்தல் இளைய ஆராய்ச்சியாளர்க்கு ஏற்ற பொருளாகும்.

வழியின் இன்றைய நிலை

பழைய நடைவழி இன்று மறைந்து வருகின்றது. கார்கிலிலிருந்து பென்சி லா வழியாகப் பதும் வரை வண்டிப்பாதை வந்தது 1980 அளவில். அதுவும் குளிர்காலத்தில் பனியால் மூடப்படும். அக்காலத்தில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடந்து செல்வதே வெளியுலகத்தை அடையும் வழியாக இருந்தது. 2024 மார்ச்சில் நிம்மு – பதும் – தார்ச்சா பாதை 298 கிலோமீட்டர் நீளத்திற்கு இணைக்கப்பட்டது. அவ்வாண்டு சூலையில் சிங்கோ லாவின் அடியில் 4.1 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதைக்கான பணி தொடங்கப்பட்டது. லிங்ஷெட் வரையிலும் வண்டி செல்கின்றது. முன்பு பதுமிலிருந்து புக்தலுக்கு நாட்கணக்கில் நடந்தவர், இப்போது பெரும்பகுதியை வண்டியிற் கடந்து எஞ்சிய சிறு தொலைவையே நடக்கின்றனர்.

இதனைக் கேடு என்று மட்டும் கூறுதல் அறமாகாது. மகப்பேற்றுத் துன்பத்தில் உள்ள பெண்ணையும் நோயாளியையும் பனிக்காலத்தில் மருத்துவமனை சேர்க்க இயலாதிருந்த மக்கட்குப் பாதை உயிர்நாடி. 2014 டிசம்பர் இறுதியில் மலைச்சரிவு புக்தல் ஆற்றை அடைத்து ஏரியாக்க, 2015 மே 7இல் அவ்வணை உடைந்து பாலங்களை அடித்துச் சென்றது. அத்தகைய இடர்க்காலத்தில் துணை விரைந்து வருதற்குப் பாதையின் தேவையை யாரே மறுப்பர்? குமிக் என்னும் ஊரார், பனி குன்றி ஓடை வற்றியமையால் தம் ஊரையே இடம்பெயர்க்க நேர்ந்தது. ஆதலின் மாற்றத்தை அம்மக்கள் விளையாட்டாக வேண்டவில்லை, வாழ்தற்கே வேண்டினர். காண வந்தவன் தன் காட்சியின்பத்திற்காக அவர்கள் நடந்தே திரிதல் வேண்டும் என எண்ணுதல் நேர்மையன்று.

எனினும் நடைவழியோடு மறைவன சில உள. வண்டிப்பாதை மணிச்சுவர்களை விலகிச் செல்லும் இடங்களில் வலம் வருவார் குறைவர். வளைவுதோறும் பாறைதோறும் வழங்கும் இடப்பெயர்கள், அவற்றைச் சொல்லி நடந்த குதிரைக்காரரோடு ஒழியும். அப்பெயர்கள் எந்நூலிலும் எழுதப்படாதவை. ஊரார் கூறும் கதைகளும் ஓடை கடக்கும் காலக்கணக்கும் அத்தகையனவே. வண்டியில் விரைவார் அவற்றைக் கேட்க வாய்ப்பில்லை.

முடிவுரை

பாதையை நிறுத்துதல் ஆராய்ச்சியாளர் கடமையன்று. அவர்க்கு அவ்வுரிமையும் இல்லை. வழி மறையுமுன் அதனைப் பதிந்து வைத்தல் அவர் கடமையாகும். முதிய குதிரைக்காரர் ஒருவரோடு பத்து நாள் நடந்து, அவர் வாய்மொழியாக இடப்பெயர்களைத் தொகுத்து, பொருளும் காரணமும் குறித்து வைப்பின், அதுவே இக்காலத்துக்குரிய லம்யிக் ஆகும். கூலியை உரியவாறு அளித்து, தொகுத்ததன் படியொன்றை அவ்வூர்ப் பள்ளிக்கும் மடத்திற்கும் தருதல் முறை. சோமா தெ கோரோசு சங்லாவின் சிற்றறையிற் செய்தது ஒரு மொழிக்கு அகராதி. ஒரு வழிக்கு அகராதி செய்யும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. அதற்குரிய ஆசிரியர்கள் இன்று முதுமை எய்தியுள்ளனர். காலம் தாழ்த்தின் கேட்பதற்கு ஆளிரார்.