பனைக்கு முன்னா, பின்னா?

பன்னிரண்டு வயதைக் கடந்தும் மேல்வரிசைப் பால் கோரைப்பல் ஆடாமல் நிற்க, அவ்விடத்துக்கு வரவேண்டிய நிலைப்பல் தலைகாட்டாதிருந்தால், முப்பரிமாண ஸ்கேன் எடுத்தே தீர வேண்டுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். விளம்பரங்கள் ஆம் என்கின்றன. பல் மருத்துவமோ முதலில் சுட்டுவிரலை நம்புகிறது. பத்து வயதளவில் உதட்டை உயர்த்தி ஈறைத் தடவும்போது, கோரைப்பல்லின் புடைப்பு ஒருபுறம் தட்டுப்பட்டு மறுபுறம் தட்டுப்படாவிட்டால் ஐயம் கொள்ளலாம்.

ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக எலும்புக்குள் புதைந்துபோவது பெரும்பாலும் இந்த மேல் கோரைப்பல்தான். மூக்கை ஒட்டிய உயரத்தில் உருவாகி நெடுவழி இறங்கும் அதற்குப் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரே பிடிசுவர் என்றும், அது சிறுத்தாலோ இல்லாமற்போனாலோ பல் அண்ணத்தின் பக்கம் சாய்கிறது என்றும் ஒரு சாரார் விளக்க, மரபணுவே காரணம் என்கின்றனர் மற்றொரு சாரார். அண்ணப்பக்கம், உதட்டுப்பக்கம், இரண்டிலும் நீள்வது, பல்வரிசையின் எலும்புக்குள்ளேயே நிற்பது, பல்லற்ற தாடையில் கிடப்பது என ஆர்ச்சர் ஐந்தாக வகுத்தார். ஆயினும் கத்தியைக் கையில் எடுப்பவருக்கு முதலில் வேண்டியது பல் எந்தப் பக்கம் என்பதே.

ஓடும் பேருந்தின் சன்னல் வழியே ஒரு பனையை மட்டும் நோக்கினால், அதற்கு அப்பாலுள்ள மலை பேருந்தோடு கூடவே வருவதாகவும், இப்பாலுள்ள மைல்கல் பின்னோக்கி ஓடுவதாகவும் தோன்றும். எக்ஸ்ரே குழாயைப் பேருந்தாகவும் வெட்டுப்பல்லின் வேரைப் பனையாகவும் கொண்டு, குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால், குழாய் சென்ற திசையிலேயே நகரும் கோரைப்பல் மலை, அதாவது அண்ணப்பக்கம். எதிர்த்திசையில் நகர்வது மைல்கல், அதாவது உதட்டுப்பக்கம். இரண்டு படங்களிலும் பனையை விட்டு அது விலகவே இல்லையெனில், மலை பனைமேல் ஏறி அமர்ந்துவிட்டதென்று, அதாவது பல்வரிசையிலேயே நிற்கிறதென்று, உவமை நொண்டினாலும், கொள்ள வேண்டியதுதான். கிளார்க் 1910இல் எழுதிவைத்த உத்தி இது. வரலாறு இவ்வளவு போதும்.

பக்கத்து வேர் கரைகிறதோ என்னும் ஐயம் எழும்போது ஸ்கேனுக்கு உரிய இடம் உண்டு. அண்ணப்பக்கம் சாய்ந்த பல்லுக்கு, 10 முதல் 13 வயதுக்குள் பால் கோரைப்பல்லைப் பிடுங்குவதே சில வேளைகளில் போதும்: எரிக்சனும் குரோலும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் 46 பற்களில் 36 நேர்வழிக்குத் திரும்பின, ஒப்பிடுவதற்குப் பிடுங்காத குழு ஒன்று அதில் இல்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். அவ்வாறு திரும்பாத பல்லை ஈறைத் திறந்து வெளிப்படுத்தி, சிறு சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் மெல்ல இழுக்கின்றனர். அண்ணப்பக்கம் கிடக்கும் பல்லை வரிசையை நோக்கி நேராக இழுத்தால் அது பக்கத்து வேரில் போய் முட்டும் என்பதால், முதலில் வேரை விட்டு விலக்கி, பிறகே வரிசைக்குத் திருப்புகின்றனர்.