கேஸ் போடச் சொன்னது யார்?

சித்திரை பிறந்துவிட்டால் சென்னையில் கார் ஏசி பார்க்கும் கடைகளில் காலையிலேயே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கூலிங் பத்தல, கேஸ் போட்டு விடுங்க." கடைக்காரர் மீட்டரை மாட்டிப் பார்க்கிறார். கேஸ் குறைவாகத்தான் இருக்கிறது. போடுகிறார், காசு வாங்குகிறார், வண்டி போகிறது. மூன்று வாரம் கழித்து அதே வண்டி அதே வாசலில் வந்து நிற்கிறது. "ஏமாத்திட்டீங்களே" என்கிறார் வண்டிக்காரர். "நீங்க கேட்டதைத்தானே சார் செஞ்சேன்" என்கிறார் கடைக்காரர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. கார் ஏசி ஒரு மூடிய சுற்று. அதில் ஓடும் ஆர்-134ஏ வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. ரப்பர் குழாய்கள் வழியே வருடக்கணக்கில் கொஞ்சம் போகலாம். சில வாரங்களில் காலியாகிறது என்றால் எங்கோ கசிகிறது. கண்டென்சரில் இருக்கலாம், குழாய் சேரும் இடத்தில் இருக்கலாம், டேஷ்போர்டைப் பிரித்தால் மட்டுமே கைக்கு எட்டும் கூலிங் காயிலில் இருக்கலாம். நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் மேலும் மேலும் கேஸ் ஏற்றினால், கேஸோடு கலந்து ஓடும் ஆயிலும் சேர்ந்து வெளியேறி, கடைசியில் கம்ப்ரஸருக்கே வேட்டு வைக்கும்.

வண்டிக்காரர் என்ன குறை என்று சொல்ல வேண்டிய இடத்தில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைக்காரரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டாரே தவிர, எத்தனை நாளாக, ஓடும்போதா நிற்கும்போதா, போன கோடையில் யாராவது கேஸ் போட்டார்களா என்று கேட்கவில்லை. மெக்கானிக் கடைகளில் நடக்கும் சண்டைகளில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே தவறு நடந்து முடிந்திருக்கிறது.

பெரிய சர்வீஸ் சென்டர்களில் குறையைச் சொல்பவருக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையிலான தூரம் இன்னும் அதிகம். வண்டியை ஓட்டுவது டிரைவர். சத்தத்தைக் கேட்டவர் அவர். அவர் முதலாளியிடம் சொல்கிறார். முதலாளி சர்வீஸ் அட்வைசரிடம் சொல்கிறார். அட்வைசர் ஜாப் கார்டில் 'முன்பக்கம் சத்தம்' என்று இரண்டு வார்த்தை எழுதுகிறார். அந்தக் காகிதம் சூப்பர்வைசர் வழியாக மெக்கானிக்கின் கைக்குப் போகிறது. வண்டிக்காரரின் முகத்தைக்கூட அந்த மெக்கானிக் பார்த்திருக்க மாட்டார். காலையில் அட்வைசர் முன்னால் பத்து வண்டி நின்றால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது என்பதும் உண்மை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் தொலைந்துபோவது கொஞ்சநஞ்சமல்ல.

முன்பக்கம் சத்தம் என்றால் எத்தனையோ இருக்கிறது. வேகம் கூடக்கூட 'ஊம்ம்' என்று ஏறுகிற சத்தமென்றால் வீல் பேரிங்காக இருக்கலாம், ஏறுமாறாகத் தேய்ந்த டயராகவும் இருக்கலாம். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தின்மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் முதலில் பார்க்க வேண்டியது இடப்பக்க பேரிங். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்றால் கை டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்டுக்குப் போக வேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் 'கடகட'வென்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஷாக் மவுண்டிங். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து மறைகிற சத்தமோ, சாயங்காலம் சூடேறி நிற்கும் வண்டியில் வரவே வராது. "ஓட்டிப் பார்த்தேன் சார், ஒண்ணும் இல்ல" என்று மெக்கானிக் சொன்னால் அவர் ஓட்டவில்லை என்று அர்த்தமில்லை. வராத நேரத்தில் ஓட்டியிருக்கிறார்.

எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், சூட்டிலா குளிரிலா, பிரேக் மிதிக்கும்போதா என்று வண்டிக்காரர் சொல்ல வேண்டும். அட்வைசர் அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். முடிந்தால் சத்தத்தைக் கேட்ட ஆளே மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டிவிட வேண்டும். எத்தனை பக்கம் எழுதினாலும் ஈடாகாத வேலை அது. டிரைவர் வைத்திருப்பவர்கள் ஒர்க் ஷாப்புக்கு டிரைவரையும் அழைத்துப் போவது நல்லது. சத்தம் அவர் காதில்தான் இருக்கிறது.

இப்போது ஸ்கேனர் வந்துவிட்டதே, அது சொல்லிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2013க்குப் பிறகு இங்கே வந்த கார்களில் தன்னைத்தானே கண்காணிக்கும் ஓபிடி-2 ஏற்பாடு இருக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் செருகினால் ஓர் எண் வரும். பி 0171 என்று வந்தால், இன்ஜினுக்குள் எரிபொருளுக்கு வேண்டியதைவிடக் காற்று அதிகம் போகிறது என்று பொருள். ஏன் போகிறது என்று அந்த எண் சொல்லாது. குழாயில் சின்ன வெடிப்பு இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். ஆனால் அளவு ஆக்சிஜன் சென்சாரிலிருந்து வருவதால் அவசரக்காரர் அதையே மாற்றிவிடுவார். ஆயிரக்கணக்கில் செலவு, விளக்கு அணைந்து, நாலு நாளில் மறுபடி எரியும். செய்தியைக் கொண்டுவந்தவனையே குற்றவாளியாக்குவது இது.

ஏன் இப்படி அவசரப்படுகிறார்கள்? எனக்கு இதில் திட்டமான ஒரு கருத்து உண்டு. யோசிப்பதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. நம் ஊர் ஷெட்களில் பில் என்றால் பார்ட்ஸ் விலையும் மாட்டுக்கூலியும். ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் காரின் அடியில் படுத்து, கிளிப் கழன்று ஆடிக்கொண்டிருந்த ஒரு தகட்டைக் கண்டுபிடித்து, இருபது ரூபாய் கிளிப்பை மாட்டினால் அவருக்கு எவ்வளவு கொடுப்போம்? "கிளிப்புதானே அண்ணே" என்று ஐம்பது ரூபாயை நீட்டுவோம். அதே ஆள் யோசிக்காமல் லிங்க் ராடு இரண்டையும் மாற்றி இரண்டாயிரம் கேட்டால், புதுப் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் கொடுத்துவிடுவோம். சரியாகக் கண்டுபிடித்தவருக்கு நஷ்டம், குருட்டாம்போக்கில் மாற்றியவருக்கு லாபம் என்ற கணக்கை நாம்தான் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்குக்குள் பிழைக்க வேண்டியவர் மாற்றிப் பார்க்கிறவராகத்தான் ஆவார்.

பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் வைக்கும் ஷெட்கள் ஆங்காங்கே வந்திருக்கின்றன. "பாக்குறதுக்கே காசா?" என்று முகம் சுளிக்காமல் அங்கே போக வேண்டும். இன்ன கட்டணம், குறையை எழுத்தில் சொல்வோம், வேலையை இங்கேயே செய்தால் கழித்துக்கொள்வோம் என்று சொல்லும் இடம் மரியாதைக்குரிய இடம். குறை என்னவென்று தெரிந்த பிறகு வேலையை எங்கே செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை நமக்கு வருகிறது. மெக்கானிக்குக்குக் காத்திருந்து பார்க்கும் பொறுமை வருகிறது.

அடுத்த சிக்கல் பாதி வேலையில் வரும் போன். "சார், பிரேக் பேட் மாத்தப் பிரிச்சோம், டிஸ்க்கும் தேஞ்சிருக்கு. மாத்திரலாமா?" ஆபீஸில் மீட்டிங் நடுவே போனை எடுத்தவர் "சரி, பாருங்க" என்று வைத்துவிடுகிறார். ஷெட்டில் அது சம்மதம். சாயங்காலம் பில்லைப் பார்க்கும்போது இவருக்கு அது அதிர்ச்சி. இதற்கு வாட்ஸ்அப்பே போதும்: தேய்ந்த டிஸ்க்கின் படம், பார்ட்ஸ் விலை, லேபர், ஒரிஜினலா லோக்கலா என்ற விவரம். பதிலுக்கு 'மாற்றுங்கள்' அல்லது 'வேண்டாம்' என்று எழுத்தில் ஒரு சொல். கழற்றிய பழைய பொருளை டிக்கியில் போட்டுத் தரச் சொல்வதைச் சந்தேகமென்று மெக்கானிக் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேலை சுத்தம் என்பவருக்கு அதுவே சாட்சி.

பேச்சில் குறை இல்லாமலும் கையில் தவறு நடக்கும். வீல் நட்டை ஏர் கன்னால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டு டார்க் ரெஞ்சைத் தொடாமல் விடுவார்கள். கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் பைக்கில், டப்பாவில் ஜாசோ எம்ஏ குறி இருக்கிறதா என்று பார்க்காமல், உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றிவிடுவார்கள், கிளட்ச் வழுக்கும். இப்படி ஏதாவது நடந்தது போலத் தோன்றினால் அன்றைக்கே, அதே இடத்துக்குப் போக வேண்டும். கோபத்தில் இன்னொரு மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுத்துவிட்டால், யார் கை பட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கிலோமீட்டர் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு, நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். "சர்வீஸுக்கு முன்னாடி இந்தச் சத்தம் இல்ல, வாங்க ஒரு ரவுண்டு போகலாம்" என்றால் பெரும்பாலான மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவார்கள். "திருடங்க நீங்க" என்று தொடங்கினால் அவர் தன் மானத்தைத்தான் காப்பாற்றுவார், வண்டியை அல்ல.

ஷெட் முதலாளிகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். வேலை கற்கும் பையன் ஒரு போல்ட்டின் மரையை அழித்துவிட்டால் அதை அவன் பயமில்லாமல் வந்து சொல்லும் நிலை இருக்க வேண்டும். தலையில் குட்டு விழும் இடத்தில் அவன் அதைப் பசை போட்டு மறைப்பான். மறைத்த போல்ட் நெடுஞ்சாலையில் தெரியவரும்.

இன்ஷூரன்ஸ் வேலை என்றால் பேசுகிறவர்கள் மூன்று பேராகிறார்கள். "எல்லாம் கிளெய்ம்ல வந்துரும்" என்று அட்வைசர் சொன்னதை நம்பி வீட்டுக்குப் போனவருக்கு, டெலிவரி அன்று பம்பருக்குப் பாதிப் பணம் கேட்பார்கள். தேய்மானம் பிடிக்கும் சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பொருள்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியின் கதை இன்னும் மோசம். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ பேர் தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகினார்கள். சிலிண்டருக்குள் போன நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். அந்தச் சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. 'ஸ்டார்ட் பண்ணாதீங்க, கட்டி இழுத்துட்டு வாங்க' என்று மழைக்காலத் தொடக்கத்திலேயே தன் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பும் ஒர்க் ஷாப் பெரிய உதவி செய்கிறது.

பேசித் தீராதபோது சட்டத்துக்கு வர வேண்டும். பணம் தரமாட்டேன், வண்டியைக் கொடு என்று வாசலில் நின்று கத்துவதில் பயனில்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, உழைப்போ திறமையோ செலவிட்டு வேலை செய்தவர், வேறு உடன்பாடு இல்லாதவரை, கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. எனவே பணத்தைக் கட்டி, பில்லிலேயே 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதி, வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு வழக்காடுவதே புத்திசாலித்தனம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் முதல் படி. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருட நுகர்வோர் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. சொந்தப் பிழைப்புக்காக ஆட்டோ ஓட்டுகிறவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். தெரிந்தே விவரத்தை மறைப்பதும் அதில் சேவைக் குறைபாடு.

ஆணையம் முதலில் கேட்பது ஜாப் கார்டையும் பில்லையும். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், வேணுமா?" என்ற கேள்விக்கு வேண்டும் என்றே சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத சின்ன ஷெட் என்றாலும் தேதி, வண்டி எண், கிலோமீட்டர், போட்ட பொருளின் பெயர், கூலி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட ரசீது வாங்கலாம். பில் தர மறுப்பதை நுகர்வோர் சட்டமே முறையற்ற வணிகம் என்று எழுதி வைத்திருக்கிறது.