கேணிக்கரைப் பாடம்

முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, என் வளவுக் கேணியே ஆசானாக அமையுமென்று நான் எண்ணியதில்லை.

பாட்டனார் வெட்டுவித்த சிறு கேணி அது. ஆம்பலும் கோரையும் மண்டிக் கிடக்கும். சென்ற மாரியிலே அயலில் டெங்குக் காய்ச்சல் பரவிற்று. "உந்தக் கேணியை மண் போட்டு மூடிவிடுங்கோ. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உங்கடை நிகண்டே வந்து காக்கும்?" என்றாள் மனைவி. விடை கூறவியலாது நின்றேன். மூடுமுன் சில படங்களேனும் எடுத்து வைப்போமென்று, மகனுடைய கமராவுடன் வைகறையிற் கரையில் அமர்ந்தேன்.

குருட்டுக் கொக்கொன்று கல்லோடு கல்லாக நின்றது. கமராவை உயர்த்தினேன், பறந்துவிட்டது. பறந்தபோதன்றோ அதன் வெண்சிறகு தெரிந்தது! அசையாதிருக்கக் கற்பதற்கு மூன்று நாள்கள் சென்றன. நான்காம் நாள், சேற்றுநிறப் பூச்சியொன்று நீரினின்றும் கோரைத் தண்டில் ஏறிற்று. அதன் முதுகு பிளந்தது. கசங்கிய சிறகோடு தும்பியொன்று வெளிப்பட்டது. வெயில் ஏறச் சிறகு விரிந்து ஒளிர்ந்தது, பறந்தும் போயிற்று. வெறுந்தோல் மாத்திரம் தண்டில் எஞ்சிற்று.

நான் நாணினேன். குறுந்தொகையில் இறையனார் விளித்த தும்பி வண்டினம். இன்று நாம் தும்பி என்பது பிறிதொன்று என வகுப்பிலே வேற்றுமை விளக்கியவன் நான். ஆயினும், அந்தப் பிறிதொன்று நீரில் வளர்வதென்பதை அறிந்திலேன்.

கேணியினின்றும் இளந்தும்பியொன்றைப் பிடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டேன். பின்வளவிற் கிடந்த சிரட்டை நீரையும் அதில் ஊற்றினேன். நெளிந்த நுளம்புக் குடம்பிகளைத் தன் கீழுதட்டை நீட்டி ஒவ்வொன்றாக அது கவ்வி உண்டது. கேணி நீரைப் பன்முறை முகந்து பார்த்தும் குடம்பி ஒன்றேனும் அகப்படவில்லை. டெங்கு நுளம்பு பெரிதும் நாடுவது சிரட்டை, பேணி, பழைய ரயர் முதலியவற்றில் தேங்கும் நீரையே. அவற்றையோ நாம் கவனியாது விட்டிருந்தோம்.

படங்களை மனைவிக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "அப்ப முதலிலே சிரட்டைகளைப் பொறுக்குங்கோ" என்றாள்.

கேணி பிழைத்தது. ஞாயிறுதோறும் வளவிற் சிரட்டை பொறுக்குவது இப்பொழுது என் கடனாயிற்று. நிகண்டை நான் கைவிடவில்லை; ஆனால், தும்பி யாதெனக் கேட்கும் மாணாக்கரைக் கரைக்கு அழைத்து வந்து, பேசாது அமருமாறு பணிக்கிறேன்.