சர்வரில் எஸ்எஸ்டி: தேய்மானத்தை அளந்து பராமரித்தல்

சுழலும் தட்டும் நகரும் முனையும் இல்லாமல், ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனமே எஸ்எஸ்டி. இதற்கு அடிப்படையான நாண்ட் ஃபிளாஷ் நுட்பத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு உருவாக்கி, 1987-இல் அறிவித்தது. ஹார்டு டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சில மில்லி விநாடிகள் ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் சிறு பகுதியே போதும். பில்லிங், சரக்கிருப்பு, கணக்கு எனப் பலர் ஒரே நேரத்தில் டேட்டாபேஸை நாடும் சர்வர்களில் இதன் பயன் உடனே தெரியும். ஆனால் எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும். பழுதாகும் ஹார்டு டிஸ்க் பல வேளைகளில் சத்தத்தால் காட்டிக்கொடுக்கும்; எஸ்எஸ்டி ஓசையின்றி நின்றுவிடும். அதன் நிலையை அறிய எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஃபிளாஷ் செல்லும் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துத் தரவைக் காக்கிறது. எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் செல்லின் காப்புப் படலம் சிறிது நலிகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை ஏறத்தாழ 1 லட்சம் முறை தாங்கும். மூன்று பிட் வைக்கும் டிஎல்சி சில ஆயிரம் முறையும், நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி அதைவிடக் குறைவாகவும் தாங்கும்.

தரவு பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது; அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பிளாக் அளவில்தான் முடியும். அதனால் பழைய பக்கத்தின்மேல் நேரடியாக எழுத இயலாது. எஸ்எஸ்டிக்குள் எழுத்தை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் புதிய தரவை வேறிடத்தில் எழுதுகிறது. பிறகு ஒரு பிளாக்கில் செல்லுபடியாகும் பக்கங்களை மட்டும் இடம்மாற்றிவிட்டு, அந்த பிளாக்கை அழிக்கிறது. இதனால் சர்வர் 1 ஜிபி எழுதச் சொன்னாலும் சில்லுகளில் அதைவிடக் கூடுதலாகவே எழுதப்படும். காலியிடம் குறையக் குறைய இந்த உபரி எழுத்து பெருகும், வேகம் சரியும், ஆயுளும் குறையும்.

பராமரிப்பு வாங்கும்போதே தொடங்குகிறது. உத்தரவாதக் காலத்தில் முழுக் கொள்ளளவையும் நாளொன்றுக்கு எத்தனை முறை எழுதலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுவார். 960 ஜிபி சாதனத்தை 5 ஆண்டுகளுக்கு நாளுக்கு ஒரு முறை முழுமையாக எழுதலாம் என்றால், மொத்தம் 1,752 டெராபைட் எழுதலாம். சர்வர் நாளுக்கு 300 ஜிபி எழுதினால் அந்த வரம்பை எட்ட 16 ஆண்டுகள் ஆகும். நாளுக்கு 3 டெராபைட் எழுதினால் 584 நாட்களில் எட்டிவிடும். ஆகவே தினசரி எழுத்தை அளந்த பிறகே, அதிகம் எழுதுவதற்கான வகையா, பெரும்பாலும் வாசிப்பதற்கான வகையா என்று முடிவெடுக்க வேண்டும்.

மின்தடைப் பாதுகாப்பும் அதே அளவு முக்கியம். சர்வர் வகை எஸ்எஸ்டிகளில், மின்சாரம் சட்டென நின்றாலும் தற்காலிக நினைவகமான பஃபரில் உள்ள தரவை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரம் தரும் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வீட்டு உபயோக வகைகள் பலவற்றில் இவை இல்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் திடீர் மின்தடைக்கு உட்படுத்திய 15 எஸ்எஸ்டிகளில் 13 பழுதைக் காட்டின. யுபிஎஸ் மட்டும் இதற்கு ஈடாகாது. சர்வருக்குள்ளேயே பவர் சப்ளை பழுதாகலாம்.

ஒன்று போனாலும் வேலை நிற்காமலிருக்க எஸ்எஸ்டிகளை ரெய்டு முறையில் இணைப்பது வழக்கம். ஒரே நாளில் பொருத்திய ஒரே மாதிரிச் சாதனங்கள் சமமாகத் தேய்வதால், அடுத்தடுத்து நிற்கும் வாய்ப்பும் உண்டு. இந்த ஆபத்தை 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ் விடுத்த எச்சரிக்கை தெளிவாகக் காட்டியது. சாதனத்துக்குள் பதிந்த இயக்க மென்பொருளான ஃபர்ம்வேரில் இருந்த பிழையால், அதன் சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் இயங்கியதும் செயலிழக்கும்; அதன் பின் தரவையும் மீட்க முடியாது. ஒன்றாக இயங்கத் தொடங்கியவை ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கும் என்பதால், அங்கே ரெய்டு காப்பாற்றாது. புதிய ஃபர்ம்வேரை முன்கூட்டியே ஏற்றியவர்கள் தப்பினர். ஆகவே தயாரிப்பாளரின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனிப்பதும், பேக்கப் எடுத்த பிறகு ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதும் கட்டாயம்.

கோப்பை நீக்கும்போது அந்த இடம் காலியானதை எஸ்எஸ்டிக்குத் தெரிவித்து, முன்பு கண்ட உபரி எழுத்தைக் குறைக்க உதவும் கட்டளை டிரிம். லினக்ஸில் இதை வாரம் ஒரு முறை தானாக இயக்கலாம். சில ரெய்டு கன்ட்ரோலர்கள் இக்கட்டளையைக் கடத்துவதில்லை. அங்கே கொள்ளளவில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலிருந்தே பார்ட்டிஷன் செய்யாமல் விட்டுவைப்பது உதவும்.

தொடர் கண்காணிப்பில் நான்கு எண்கள் முக்கியம்: செலவான ஆயுள் விழுக்காடு, மீதமுள்ள உதிரி பிளாக்குகள், திருத்த முடியாத பிழைகள், வெப்பநிலை. ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள் இவற்றைப் படித்துக்காட்டும். ஆயுள் விழுக்காடு 100-ஐத் தாண்டினாலும் சாதனம் இயங்கக்கூடும். ஆனால் மாற்றுச் சாதனத்தை அதற்கு வெகு முன்பே வாங்கிவைப்பதே முறை. உதிரி பிளாக்குகள் குறைவதும் பிழைகள் கூடுவதும் உடனே மாற்ற வேண்டியதன் அறிகுறி. வெப்பம் வரம்பை மீறினால் சாதனம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது விசிறியையும் காற்றோட்டத்தையும் சரிபார்க்க வேண்டும்.

இந்த எண்கள் நன்றாக இருந்தாலும் பேக்கப் வேண்டும். கூகுளின் டேட்டா சென்டர்களில் இயங்கிய எஸ்எஸ்டிகளைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது ஒரு திருத்த முடியாத பிழையையாவது கண்ட சாதனங்கள், மாடலைப் பொறுத்து 20 முதல் 63 விழுக்காடு வரை இருந்தன. அந்த பேக்கப்பையும் தேய்ந்த எஸ்எஸ்டியில் எடுத்து அலமாரியில் வைப்பது தகாது. குறைக்கடத்தித் துறையின் தரநிலை அமைப்பான ஜெடெக்கின் வரையறைப்படி, எழுத்து வரம்பை எட்டிய சர்வர் வகை எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 40 டிகிரி செல்சியஸில் 3 மாதம் தரவைக் காத்தால் போதும்.

ஓய்வு பெறும் எஸ்எஸ்டியில் உள்ள வாடிக்கையாளர் தகவல்களை முறையாக அழிப்பதும் நிர்வாகியின் பொறுப்பு. முழுவதையும் மேலெழுதினாலும், கன்ட்ரோலர் ஒதுக்கிவைத்த பகுதிகளில் பழைய தரவு எஞ்சக்கூடும். சாதனத்திலேயே உள்ள சானிடைஸ் அல்லது செக்யூர் இரேஸ் கட்டளை அப்பகுதிகளையும் அழிக்கும். தொடக்கம் முதலே என்கிரிப்ட் செய்த சாதனத்தில், அதன் சாவியை அழித்தாலே தரவு படிக்க முடியாததாகிவிடும். இயங்காமல் போன சாதனம் எந்தக் கட்டளையையும் ஏற்காது. அதன் சில்லுகளைப் பொடியாக்கிவிட வேண்டும்.