தே தாரிக்குக்கு எந்த எழுத்து?

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தே தாரிக் ஆற்றும் கையைத்தான் எல்லாரும் பார்ப்போம். பார்க்க வேண்டியது குவளையின் அடியை. தேநீர் இறங்குவதற்கு முன்பே சீனி கலந்த டின் பால் அங்கே கெட்டியாகப் படிந்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டி விட்டால் அதிலேயே ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை. நான்கு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். பெரியவர்கள் நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடித்தாலே கணக்கு எங்கே போகிறது பாருங்கள்.

சிங்கப்பூரில் புட்டி, டின் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலந்து தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் ஏ முதல் டி வரையிலான நியூட்ரி-கிரேட் தர எழுத்து நடப்பில் உள்ளது. சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டினால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. இந்த இரண்டுக்கும் எழுத்தைக் காட்டியே ஆகவேண்டும். திட்டம் பலன் தந்திருக்கிறது: புட்டிப் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017ல் 7.1 விழுக்காடு, 2023ல் 4.6 விழுக்காடு.

ஆனால் சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. நாம் அன்றாடம் நிற்கும் தேநீர்க் கடையில் பெரும்பாலும் எழுத்து இருக்காது. மேலே சொன்ன 20 கிராம் 250 மில்லிலிட்டர் குவளையில் இருந்தால், சர்க்கரைக் கணக்கில் மட்டுமே அது சி. சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம் காணப்படும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் சீனிக்குப் பதில் செயற்கை இனிப்பு? சர்க்கரையே இல்லாத குளிர்பானத்துக்கும், இனிப்பூட்டி சேர்த்திருந்தால் ஏ தரம் கிடைக்காது. பி தான் உச்சம். நாக்கு இனிப்புக்குப் பழகிப்போவதே அடிப்படைச் சிக்கல் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். என் கருத்தில் மிகச் சரியான முடிவு. எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனமும் கூறியது. நீண்டகாலம் பயன்படுத்துவோரிடம் இரண்டாம் வகை நீரிழிவும் இதயநோயும் கூடுதலாகத் தென்பட்டதைச் சுட்டியது. அதற்கு இனிப்பூட்டிதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

அதே ஆண்டு ஜூலையில் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்ந்ததும் பலர் பயந்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற நாள் வரம்பு மாறவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட அது கலந்த குளிர்பானத்தை நாளொன்றுக்கு ஒன்பது டின்னுக்கு மேல் குடிக்கவேண்டும். பயம் தேவையில்லை, பழக்கமும் தேவையில்லை.

கடையில் சொல்லவேண்டியது எளிது. சீனி குறைய ‘சியூ டாய்’. பால் வேண்டும், சீனி வேண்டாம் என்றால் ‘தே சி கோசோங்’. இரண்டும் வேண்டாமென்றால் ‘தே ஓ கோசோங்’. படிப்படியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். வீட்டில் நீரிழிவு உள்ளவருக்கு மட்டும் தனித் தே போட்டு ஒதுக்காதீர்கள். எல்லாருடைய குவளையிலும் சீனியைக் குறையுங்கள்.